தோட்டத்து டேம் கரையில் ஈரம்: என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு அருகே இருக்கும் வெருலம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணா கேட்டது. குடும்பத்துக்குச் சொந்தமான பழைய கரும்புத் தோட்டத்தில் சின்னதாக ஒரு மண் டேம் இருக்கிறதாம். இப்போது பாசனம் எதுவும் இல்லை. மீன் பிடிக்க, படகு விட, ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் கூடி பிராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போட, அவ்வளவுதான். கரை 6 மீட்டர் உயரம், 80 மீட்டர் நீளம். நிறைந்திருந்தால் கரையோரம் 5 மீட்டர் ஆழம், தண்ணீர் பின்னால் 150 மீட்டர் வரை நிற்கும். கரைமேல் யூகலிப்டஸ் மரங்கள் வளர்ந்துவிட்டன. வெளிப்பக்க அடியில், தண்ணீர் திறந்துவிடும் குழாய் வெளியே வரும் இடத்தருகே, வருஷம் முழுக்க ஈரமாகவே இருக்கிறது. இது ஆபத்தா, மரத்தை வெட்டலாமா, அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டுமா, பிள்ளைகள் குளிக்கலாமா என்று கேட்கிறார்.

அண்ணா, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் டேமுக்குக் கலிங்கு எங்கே இருக்கிறது? வெள்ளம் வந்தால் மிச்சத் தண்ணீர் கரையைத் தொடாமல் பக்கவாட்டில் வெளியேறுகிற வழியைத்தான் கேட்கிறேன். ஈரத்தைப் பற்றி மூன்று வரி எழுதிய நீங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

பாசன டேமில் வறண்ட மாதங்களில் தண்ணீரை இறைப்பார்கள், மட்டம் இறங்கும். மழை வந்தால் உள்ளே வாங்கிக்கொள்ள இடம் இருக்கும். வேடிக்கைக்காக வைத்திருக்கிற டேம் அப்படியில்லை. தளும்பி நின்றால்தான் அழகு, படகும் ஓடும். அதனால் எப்போதும் நிறைந்தே கிடக்கும். பெருமழையில் வருகிற தண்ணீர் முழுவதையும் கலிங்குதான் வெளியேற்றியாக வேண்டும். 2022 ஏப்ரலில் குவாசூலு நட்டாலில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். டர்பன் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதிரி ஒரு நாளில் கலிங்கு அடைபட்டிருந்தால் தண்ணீர் கரைமேல் ஏறும். கரையில் எந்த இடம் நாலு விரல் தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் வழியும். வெளிச்சரிவின் மண்ணை அடியிலிருந்து அரித்துக்கொண்டே மேலே வரும். ஒருமுறை வாய் பிளந்துவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது.

கலிங்கை அடைப்பது பெரும்பாலும் நாம்தான். மீன் வெளியே போகிறது என்று குறுக்கே கம்பி வலை கட்டுவார்கள். முதல் வெள்ளத்தில் கரும்புச் சோகை, நாணல், ஆகாயத்தாமரை எல்லாம் வந்து அந்த வலையில் அப்பிக்கொள்ளும். அப்புறம் அது சுவர்தான். இன்னும் சிலர் ஓர் அரை மீட்டர் தண்ணீர் கூட நிற்கட்டுமே என்று கலிங்கில் மணல் மூட்டை அடுக்கிவிடுவார்கள். மீன் போனால் போகட்டும், அண்ணா. வலை இருந்தால் இன்றைக்கே பிரித்துப் போடுங்கள், மூட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வாங்கி கரையின் உச்சியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாருங்கள். பழைய கரை நடுவில் உட்கார்ந்திருக்கும். கலிங்கின் தரையிலிருந்து கரையின் மிகத் தாழ்ந்த இடம் வரை ஒரு மீட்டராவது உயரம் இருக்க வேண்டும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம், எப்படிக் கசிகிறது என்று பாருங்கள். ஈரத்தைச் சுற்றி முளைக்குச்சி அடித்து வையுங்கள். தண்ணீர் ஓடுகிறது என்றால் ஒரு சின்னக் கால்வாய் வெட்டி வாளியில் பிடித்து, நிறைய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று மாதாமாதம் குறியுங்கள், டேமின் மட்டத்தையும் கூடவே எழுதுங்கள். டேம் மட்டம் அதேதான், ஆனால் வாளி முன்னைவிடச் சீக்கிரம் நிறைகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதுதான் முக்கியம். கலங்கி வந்தால் கரை உள்ளிருந்து மண்ணை இழக்கிறது. குழாயை ஒட்டி மண்ணைச் சரியாக இடித்து இறுக்குவது கடினம். அதனால் குழாயின் ஓரமாகவே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். உங்கள் ஈரம் அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கலங்கல் கண்டால் என்ன செய்வது? சிமெண்டும் களிமண்ணும் கொண்டுபோய் அந்த வாயை மூடாதீர்கள். உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் உடைக்கும். முதலில் மணல், அதன்மேல் சரளைக்கல், அதன்மேல் பெரிய கல் என்று பரப்புங்கள். தண்ணீர் வெளியே வரும், மண் வராது. கூடவே குழாய் வால்வைத் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். ஒரேயடியாக இறக்கிவிட வேண்டாம், ஊறிய உட்சரிவு சறுக்கி விழும். ஆனால் கலங்கல் வேகமாகப் பெருகினால் இதையெல்லாம் விட்டுவிட்டு, கீழே இருப்பவர்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சங்கடம் உண்டு. பல இடங்களில் மண்ணில் சோடியம் அதிகம், தண்ணீர் பட்டால் களிமண் தானாகவே பிரிந்து கரையும். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் எடுத்து, கரையின் மண்ணில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டியைப் போட்டு அசைக்காமல் பத்து நிமிஷம் விடுங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் தண்ணீர் மங்கினால் மோசமான மண். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள், அதிலிருக்கும் உப்பு உண்மையை மறைத்துவிடும். இது முதல்கட்டச் சோதனைதான், முடிவாகச் சொல்ல ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

மரம். கைப்பிடியில் அடங்குகிற கன்று என்றால் வேரோடு பிடுங்குங்கள். பெரிய யூகலிப்டஸை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால், சில வருஷத்தில் வேர் மக்கி, வேர் இருந்த இடமெல்லாம் பொந்தாகும். தண்ணீரைக் குறைத்து, வேரைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியை நல்ல மண்ணால் அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். அதைப் பொறியாளர் மேற்பார்வையில் செய்யுங்கள். பிறகு கிக்குயு புல் போதும். அதையும் ஒட்ட வெட்டி வையுங்கள். புல் உயர்ந்தால் நண்டு வளை, எலி வளை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பதிவு. 1998-ம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டப்படி, கரை 5 மீட்டருக்கு மேல், கொள்ளளவு 50,000 கன மீட்டருக்கு மேல், இரண்டும் சேர்ந்திருந்தால் அது பாதுகாப்பு அபாயமுள்ள அணை, பதிவு கட்டாயம். உயரத்தை வெளிப்பக்கத் தாழ்ந்த தரையிலிருந்து கரையின் உச்சி வரை அளக்க வேண்டும், தண்ணீரின் ஆழம் கணக்கில்லை. கொள்ளளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: கரை நீளம், பின்னால் நீர் நிற்கும் தூரம், ஆழம் மூன்றையும் பெருக்கி ஆறால் வகுங்கள். உங்களுக்கு 80, 150, 5. விடை 10,000 கன மீட்டர். அதனால் அணைப் பாதுகாப்புப் பதிவு தானாகப் பொருந்தாது. ஆனால் சின்ன அணையையும் அபாயமுள்ளதாக அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தண்ணீரைத் தேக்கி வைப்பதற்கான அனுமதி விஷயம் தனி, அதை நீர்த் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பதிவு கட்டாயமில்லை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். 10,000 கன மீட்டர் என்றால் ஒரு கோடி லிட்டர். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்று ஒரு மண் அணை, பொழுதுபோக்கு ஏரியாக இருந்தது. உங்களுடையதைவிடப் பெரியதுதான், ஆனாலும் உலகக் கணக்கில் சின்னது. 1977 நவம்பர் 6, விடிவதற்கு முன் கனமழையில் உடைந்தது. கீழே ஒரு கல்லூரி வளாகம், 39 பேர் போய்விட்டார்கள். உடைந்ததற்கு ஒரே காரணம் என்று விசாரணைக் குழுவால் எதையும் அறுதியிட முடியவில்லை.

இங்கேயும் அபாயத்தை வகைப்படுத்தும்போது கீழே எத்தனை உயிர் என்றுதான் கேட்கிறார்கள். ஒருவரும் இல்லையென்றால் குறைவு, பத்துப் பேர் வரை என்றால் கணிசம், அதற்கு மேல் என்றால் அதிகம். உங்கள் தாத்தா காலத்தில் கீழே கரும்பு மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது ஓடையோரம் தகரக் குடிசைகள் வந்திருக்கலாம். டேம் மாறவில்லை, அபாயம் மாறிவிட்டது. ஒரு நாள் ஓடை வழியே கீழே நடந்து போய்ப் பாருங்கள். யார் இருந்தாலும் பேசி, கைபேசி எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். என் பதில், வேண்டாம். நம் கடலோர மாகாணத்தில் ஓடாத வெதுவெதுப்பான தண்ணீர், நாணல், நத்தை மூன்றும் சேர்ந்தால் பில்ஹார்சியா என்ற புழு நோய் இருக்கக்கூடும். தண்ணீரில் நின்றாலே போதும், புழு தோல் வழியாக ஏறும். ஏற்கெனவே குளித்தவர்கள் இருந்தால், சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தெரியாவிட்டாலும் கிளினிக்கில் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். பிரசிகுவாண்டெல் என்று மாத்திரை இருக்கிறது, நன்றாகக் கேட்கும். படகில் போகிறவர்கள் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், நீந்தத் தெரிந்த மாமாவுக்கும் சேர்த்துத்தான். மண் டேமில் உட்சரிவு வழுக்கும், நாலு எட்டில் ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும்.

அண்ணா, கலிங்கையும் குழாய் வாயையும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி எடுங்கள், அப்போதுதான் எனக்கு அளவு தெரியும்.