சாகாவரம் சுகமா, சுமையா? ‘சுமையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தோழர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுட்டு உட்கார்ந்துட்டார். "ரத்தக்காட்டேரிக்குச் சாவே இல்லை, முந்நூறு வருஷத் தவணையில வீடு வாங்கலாம்"னார். நீங்களும் கைதட்டினீங்க.

தோழரே, டிராகுலா வீடு வாங்கினாரே! 1897 நாவல். லண்டன் பக்கத்துல பெரிய பங்களா. கூட என்ன சாமான் எடுத்துட்டுப் போனார்? கட்டிலா, பீரோவா? ஐம்பது பெட்டி மண்ணு! பல்கேரியாவுல வர்னா துறைமுகத்துல கப்பல் ஏத்தி, இங்கிலாந்துல விட்பி துறைமுகத்துல இறக்கி... சொந்த ஊர் மண்ணு இருந்தாத்தான் படுக்க முடியும். வீடு இங்கிலாந்துல, தூக்கம் டிரான்சில்வேனியாவுல!

தவணைக்கு வருவோம். ஜாமீன் கையெழுத்து யார் போடறது? நண்பன் போடுவான், செத்துப்போவான். அவன் மகன் போடுவான், அவனும் போவான். கடைசித் தவணை கட்டிட்டு ‘முடிச்சிட்டேன்டா’ன்னு சொல்லத் திரும்பினா, பின்னாடி ஒருத்தரும் இல்லை.

வார்னின்னு ஒரு காட்டேரி. 1845லேருந்து 47 வரைக்கும் லண்டன்ல பென்னி விலைக்கு வித்த தொடர்கதை. வாழ்க்கை வெறுத்துப் போச்சு, சாகணும். ஆனா பிணத்து மேல நிலா வெளிச்சம் பட்டா எழுந்து உட்கார்ந்துடுவான்! நமக்கு நிலாச்சோறு, அவனுக்கு நிலாவே தொல்லை. கடைசியில வெசுவியஸ் எரிமலைக்குப் போனான். ஏன் எரிமலை? உடம்பு மிஞ்சினாத்தானே நிலா படும்! பின்வரிசைக்காக இன்னொரு தடவை சொல்றேன்: சாகறதுக்கு இத்தாலி வரைக்கும் வழிச்செலவு, மலையேற கைடு கூலி! நமக்கெல்லாம் வீட்டு வாசல்லயே இலவசமா வருது. ‘நான் குதிச்சேன்னு ஊர்ல சொல்லு’ன்னு அந்த கைடுகிட்டதான் சொல்லிட்டுக் குதிச்சான். அதைச் சொல்லிக்கக்கூட கூலிக்கு வந்த ஆளைத் தவிர நாதியில்லை.

சிரிச்சீங்க. இதையும் கேளுங்க. 1972ல ஆன் ரைஸ்ங்கிற எழுத்தாளர் அம்மாவோட மகள், ஆறு வயசுகூட ஆகலை, ரத்தப் புற்றுநோய்ல போயிட்டா. 1976ல வந்த அவங்க நாவல்ல கிளாடியான்னு அஞ்சு வயசுக் காட்டேரிக் குழந்தை. சாவு கிடையாது. வளர்ச்சியும் கிடையாது. அறுபது வருஷம் தாண்டி, உள்ளே முழுசா ஒரு பொம்பளை. வெளியே பால்பல் உடம்பு. பாரிஸ்ல ஒரு பொம்மைக்காரி. செத்துப்போன தன் மகள் முகத்தையே திரும்பத் திரும்பச் செய்றவ. அவகிட்டப் போய், ‘குழந்தை பொம்மை வேணாம், வளர்ந்த பொம்பளை பொம்மை செஞ்சு குடு’ன்னு கேக்கிறா கிளாடியா. அவளும் செஞ்சு குடுத்தா. வாங்கிப் பார்த்தா. அந்தப் பிஞ்சுக் கையாலயே நொறுக்கினா. கை பூரா ரத்தம்.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே. உட்கார்ந்துடறேன்.