குக்குலு: பிசினை நம்புவோம், எவ்வளவு நம்புவது?

நண்பர்களே, யோகராஜ குக்குலு மாத்திரையை மூட்டுவலிக்கு வாங்கிப் போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் குக்குலு ஒரு முள்மரத்தின் பிசின். ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச், பாகிஸ்தானின் சிந்து என்று மழை குறைந்த பாறை நிலத்தில் வளரும் குட்டை மரம், வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் இலையில்லாமலே நிற்கும்.

1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி என்ற ஆய்வாளர், பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை கொழுப்பு மிகுந்து வரும் நோய்க்குக் குக்குலுவைச் சொல்கிறதே, அதைச் சோதித்துத்தான் பார்ப்போமே என்று முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொலஸ்டிரால் குறைந்தது. அப்புறம் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதை எடுத்து வளர்த்து, 1980களில் கொழுப்பு குறைக்கும் மருந்தாகவே கடைக்கு வந்தது. நம் பழைய ஏட்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன அந்த வேலைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது எல்லா டப்பாவிலும் 'ஆன்டிஆக்ஸிடன்ட்', அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது, என்று போடுகிறார்களே, அதற்கு வருவோம். பிசினில் இருக்கும் குக்குல்ஸ்டிரோன் என்ற பொருள், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைத் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அப்படி ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்புதான் ரத்தக்குழாய்ச் சுவரில் சேர்ந்து அடைப்புக்கு வழிசெய்கிறது, ஆகவே இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சோதனைக்குழாய்க்குக் குடல் கிடையாது, கல்லீரல் கிடையாது.

மனிதர்களிடம் என்ன நடந்தது? 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கொலஸ்டிரால் கூடிய 103 பேரைப் பிரித்து, சிலருக்குக் குக்குலு, சிலருக்கு வெற்று மாத்திரை என்று 8 வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களுக்கு எல்டிஎல் 5 சதவீதம் குறைந்தது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் கூடியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்தியாவில் முன்பு நடந்த ஆய்வுகளில் குறைந்ததே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி, உணவுப் பழக்கம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் டாக்டர் கொடுத்த ஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாற இந்த ஆதாரம் போதவே போதாது. ப்ரோப்ரனலால், டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த, இதய மருந்துகளைப் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், குக்குலு சேர்ந்தால் அந்த மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவு குறைகிறது. சித்த மருத்துவரிடம் போனாலும் சரி, ஆங்கில மருத்துவரிடம் போனாலும் சரி, போடும் மாத்திரைகளை எல்லாம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, என்னை அதிகம் வருத்துவது இதுதான். தேவை கூடக்கூடப் பட்டையை ஆழமாகக் கீறி, ரசாயனம் தடவிப் பிசின் எடுக்கிறார்கள், நிறைய வடியும், மரம் செத்துப்போகும். பிசின் எடுக்கும் அளவுக்கு அது வளரவே எட்டுப் பத்து வருஷம் ஆகும். இன்று ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கிற மரம் என்பதால் கட்ச்சிலும் ராஜஸ்தானிலும் நட்டு வளர்க்கிறார்கள். குக்குலு வாங்கும்போது இது வளர்த்த மரத்துப் பிசினா, காட்டு மரத்துப் பிசினா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.