கதாநாயகன் இன்னும் கட்டிலை விட்டு எழவில்லை

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாப் பட்டிமன்றம். தலைப்பு: புதிதாக எழுத வருகிறவருக்கு இன்று அதிகம் தேவைப்படுவது மேலும் மேலும் தகவல் திரட்டுவதா, போதும் என்று நிறுத்தத் தெரிவதா? ‘நிறுத்தத் தெரிவதே’ அணியில் இரண்டாவதாகப் பேசிய பள்ளித் தமிழாசிரியையின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் மணற்கேணிக் குறளில் தொடங்கினார். தோண்டத் தோண்ட நீர் ஊறும், படிக்கப் படிக்க அறிவு ஊறும், ஆகவே திரட்டிக்கொண்டே இரு என்றார். கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, கேணி என்றால் ஓரிடத்தில் தோண்டுவது. குளச்சல் மணலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நூறு இடத்தில் ஒவ்வொரு சாணாகத் தோண்டிக்கொண்டே போனால் தண்ணீரா வரும்? பின்னால் வருகிறவர்கள் கால் இடறி விழக் குழிதான் மிஞ்சும். வள்ளுவர் எங்கள் அணி. அவரை மரியாதையாக எங்களிடம் அனுப்பி வையுங்கள்.

அப்புறம் கேட்டார்: “ஒரு புத்தகத்துக்காக நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ் ஏறினோம். இன்றைக்கு எல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது. இதைப் போய்க் குறை சொல்லலாமா?” குறை சொல்லவில்லை. ஆனால் பஸ் ஏறின காலத்தில் ஒரு கட்டாயம் இருந்தது. என்ன புத்தகம் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்; டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறோமே. இப்போது என்ன வேண்டும் என்று தெரியாமலே தேட ஆரம்பித்துவிடலாம். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன், குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். “அப்பாவைப் பத்தி ஒரு கதை எழுதப் போறேன் டீச்சர்” என்று வந்தான். முதல் காட்சியையும் சொன்னான். விடியுமுன் அப்பா எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். நல்ல தொடக்கம். எழுத உட்கார்ந்தபோது சின்னதாக ஒரு சந்தேகம்: எத்தனை மணிக்கு எழுவார்? போனை எடுத்தான்.

பால் வெட்டும் நேரம் வந்தது. ஏன் அந்த நேரம் என்று ஒரு வீடியோ வந்தது. விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும். சரி. அதற்குக் கீழே, ரப்பர் நம் பக்கத்துக்கு வந்த கதை. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயின. இதைப் படிக்காமல் விட முடியுமா? படித்தான். ரப்பர் பணத்தில் அமேசான் காட்டு நடுவே மனௌஸ் நகரத்தில் 1896-இல் திறந்த ஓபரா மாளிகை வந்தது. 1942-இல் மலேயா ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் செய்ய ஓடியது வந்தது. கடைசியில் பந்தயக் கார் டயரும் வந்துவிட்டது. மணி இரண்டைத் தாண்டியாயிற்று. கதாநாயகன் இன்னும் கட்டிலை விட்டு எழவில்லை!

நடுவர் அவர்களே, வேதனை இன்னும் முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அடுத்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். மகன் போனை வைத்துவிட்டுப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். எத்தனை மணிக்கு எழுந்தார் என்று மகனுக்கு அன்றைக்கும் தெரியாமல் போயிற்று.

இவன் படித்ததில் எது பொய்? ஒன்றும் பொய் இல்லை. எல்லாம் உண்மை, எல்லாம் சுவையான சங்கதி. பொய்யையும் குப்பையையும் ஒதுக்குவது பெரிய காரியமில்லை. நமக்கு வேண்டாத நல்ல தகவல் இருக்கிறதே, அதை ஒதுக்கத்தான் மனசு வராது. ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், பின்னால் 1978-இல் பொருளாதார நோபல் வாங்கியவர், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத 1971-லேயே இதை எழுதிவிட்டார். தகவல் தின்பது நம்முடைய கவனத்தை. தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்பது அவர் கணக்கு. ஒரு எழுத்தாளர் கையில் இருக்கிற முதலே அந்தக் கவனம்தான். அதை மனௌஸ் மாளிகையில் செலவழித்துவிட்டு வந்தால் அப்பாவுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இதைவிட மோசமான இனம் ஒன்று உண்டு. ‘எழுதுவது எப்படி’ என்ற தகவல். தினமும் ஆயிரம் சொல் எழுது என்கிறார் ஒருவர். மனசு வந்தால் மட்டும் எழுது என்கிறார் இன்னொருவர். முடிவு தெரிந்துதான் தொடங்க வேண்டும். முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும். வட்டார வழக்கில் எழுதினால்தான் உயிர்; வட்டார வழக்கில் எழுதினால் சேலத்துக்காரருக்குப் புரியாது. எல்லாரும் அவரவருக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் வழக்கில் எழுதலாமா கூடாதா என்ற பிரச்சினை வருவதற்கே, கதையில் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? அறிவுரை எழுதியதைத் திருத்த உதவும். எழுதாத பக்கத்தை எந்த அறிவுரையால் திருத்துவது?

ஆனாலும் பிள்ளைகள் அதைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். அதில் ஒரு சுகம் இருக்கிறது. உழைத்த மாதிரியும் இருக்கும், தோற்கவும் வேண்டாம். கதை எழுதினால் யாராவது படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். குறிப்பெடுக்கிறவரைப் பார்த்து யாரும் உதட்டைப் பிதுக்குவதில்லை. “பெரிய முயற்சி” என்றுதான் சொல்வார்கள். டெலிகிராமில் முந்நூறு பிடிஎஃப் வைத்திருப்பவரிடம் எத்தனை திறந்து பார்த்தீர்கள் என்று கேட்க நமக்கும் கூச்சம்.

எதிரணிச் சகோதரி நம் மாவட்டத்துப் பெரிய எழுத்தாளர்களை எல்லாம் சாட்சிக்கு அழைத்தார். நிறையப் படித்தவர்கள், அதனால்தான் எழுதினார்கள் என்றார். படித்தார்கள், மறுக்கவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியர். அத்தனை இலக்கியம் கற்றவர், 1964-இல் வந்த நாவலுக்கு எடுத்துக்கொண்டது என்ன? நம்மூர்ப் பனைவிளையில் ஒரு வீடு, அதைச் சுற்றிப் பனையேறிகளின் வாழ்க்கை. தோப்பில் முகமது மீரான் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பள்ளியில் படித்தது மலையாள வழியில். பிழைப்புக்கு வத்தல் வியாபாரம். எழுதியது தமிழில், தன் கடற்கரையைப் பற்றி. 1997-இல் சாகித்ய அகாதெமி விருது தேடி வந்தது. நாஞ்சில் நாடன் எழுபதுகளில் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். முதல் நாவல் 1977-இல் வந்தது, நாஞ்சில் நாட்டு வாழ்க்கை. பம்பாயில் உட்கார்ந்து நாஞ்சில் நாட்டு வயலைப் பற்றி எந்தத் தளத்தில் தேடியிருப்பார் சகோதரி? நெஞ்சில் தங்கினதுதான் கைவசம். தங்காததைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

இவர்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரை எடுத்து இரண்டு முறை படியுங்கள் என்கிறேன். இவர்களைப் பற்றிய இருபது வீடியோ பார்ப்பதும் இவர்களைப் படிப்பதும் ஒன்றல்ல.

இனி ஒரு கதை. இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

2017 நவம்பர் 29 ராத்திரி. ஒக்கிப் புயல். இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தூத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா ஆழ்கடலுக்குத் தங்கல் போயிருந்தார், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்று லேப்டாப்போடு வந்தாள். திறந்து காட்டினாள். வானிலை அறிக்கைகள், செயற்கைக்கோள் படங்கள், பத்திரிகைச் செய்திகள், டிவி பேட்டிகள், புயல் போன பாதையின் வரைபடம். அந்தப் பெயரை வைத்தது வங்கதேசம் என்பது வரை சேர்த்திருந்தாள். எவ்வளவு எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். தலைப்பு இருந்தது.

“எல்லாத்தையும் மூடு. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. கரண்ட் போனதுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்கன்னு மட்டும் கேளு” என்று அனுப்பினேன்.

அந்த அம்மா முதலில், “அத இப்பிடி யாரும் எங்கிட்ட கேக்கலியே மக்ளே” என்றாராம். பிறகு சொன்னார். கம்பங்கள் சாய்ந்து ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. அவருக்கு இருந்த ஒரே கவலை, போன் செத்துவிடக் கூடாது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் எங்காவது கரை ஒதுங்கினால் மனுஷன் முதலில் வீட்டுக்குத்தானே கூப்பிடுவார்? ஜெனரேட்டர் ஓடிய இடத்துக்குத் தினமும் போய் வரிசையில் நின்றார். ஒரு பலகை மேல் பத்திருபது போன் கிடக்கும், எல்லாம் ஒரே சாயல் பட்டன் போன். மாறிப்போகாமல் இருக்க, மகள் தலையில் இருந்த ஹேர்பேண்டைக் கழற்றித் தன் போனில் சுற்றி வைத்தார். கழற்றிக் கொடுத்தது அந்தப் பெண்ணுக்கே மறந்து போயிருந்தது. அப்பா லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கித் திரும்பி வந்தார். அந்தத் தெருவிலேயே திரும்பாதவர்களும் உண்டு.

அந்த ஹேர்பேண்ட் எந்தத் தேடலில் வரும், சொல்லுங்கள்? அதிலிருந்துதான் அவள் எழுத ஆரம்பித்தாள்.

உடனே எதிரணி எழுந்து கேட்கும், கேட்கவும் கேட்டார்கள்: “தகவல் சரிபார்க்காமல் எழுதினால் ஊர் சிரிக்காதா? ஒரு கதையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ரப்பர் வெட்டுகிறார்கள், குலசேகரத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்” என்று. நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் வாய்ச்சவடால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: எழுதும்போது தெரியாதது வந்தால் தேடப் போகாதே. அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுவிட்டு மேலே போ. மீனின் பெயர் தெரியவில்லையா, கட்டம். காற்றின் வேகமா, கட்டம். போனை அடுப்படியில் வைத்துவிட்டு எழுது. முதல் பிரதி முடிந்தபோது தாளில் ஏழெட்டுக் கட்டங்கள் நின்றன. அவற்றில் பாதியை அப்பா சொன்னார். மீதிக்குத்தான் அந்த லேப்டாப் கோப்பைத் திறந்தாள். காற்றின் வேகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பத்திக்கு அது வேண்டாம் என்று அவளே எடுத்தும் விட்டாள். தேடப் போகுமுன் எழுதியிருந்தால்தான் எது வேண்டாம் என்று தெரியும். பிரதி இல்லாதபோது எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும்.

“இவ்வளவையும் ஏஐ சுருக்கித் தருமே” என்றார் இளைய நண்பர். தரும். வேண்டாததைச் சுருக்கினால் சுருக்கமான வேண்டாதது கிடைக்கும், அவ்வளவுதான்.

வாசகசாலையில் நின்றுகொண்டு படிக்காதே என்று பேசுகிறீர்களே என்றும் ஒரு குத்தல். நான் இந்த வாசகசாலையின் கட்சிக்காரி ஐயா! இங்கே ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் 2 புத்தகம்தான் தருவார்கள். ராத்திரி 8 மணிக்கு நூலகர் சாவிக்கொத்தைக் குலுக்குவார், நாம் எழுந்துதான் ஆக வேண்டும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலோடு வீட்டுக்கு நடக்கும்போதுதான், படித்ததில் எது நம்மோடு வருகிறது என்று தெரியும். போனுக்குச் சாவிக்கொத்து கிடையாது. அதைக் குலுக்குகிற வேலையும் இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. எதிரணி அதைச் செய்ய வேண்டாம் என்கிறது, நாங்கள் செய்யத்தான் வேண்டும் என்கிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். எனக்கு அடுத்து எதிரணிச் சகோதரர் பேச வருகிறார். நான் வந்ததிலிருந்து கவனிக்கிறேன், மடியில் ஒரு தடிமனான கோப்பு, அச்செடுத்த தாள்கள், நடுநடுவே மஞ்சள் ஒட்டுச்சீட்டு. அவருக்குக் கொடுத்திருப்பது 12 நிமிடம். எதையெல்லாம் விட்டுவிட்டுப் பேசப் போகிறார் என்று நானும் உங்களோடு உட்கார்ந்து கேட்கிறேன். வணக்கம்.