தலை எங்கே போச்சு, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் நெற்பண்ணைச் செல்வம் முதலாளியின் மூளையால் வந்ததா, அடிமைகளின் உழைப்பால் வந்ததா? நான் உழைப்பின் பக்கம். பேச எவ்வளவோ வைத்திருந்தேன். எதிரணித் தலைவர் விடவில்லை. "தலை இல்லாமல் கை என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டார். நீங்களும் கைதட்டினீர்கள், கவனித்தேன்!

ஐயா, தலை எங்கே இருந்தது? மே பிறந்தால் சதுப்பில் மலேரியா. முதலாளி பெட்டி கட்டுவார். சார்ல்ஸ்டன் மாளிகைக்கு, வசதி கூடினால் வடக்கே கடற்கரை ஊரான நியூபோர்ட்டுக்கு. உறைபனி விழுந்த பிறகே பண்ணைப் பக்கம் தலை தெரியும். ஏப்ரல் வாக்கில் விதைத்த நெல் செப்டம்பரில் அறுவடை. பயிர் கதிர் விடுகிறது, தலை காற்று வாங்குகிறது!

கை சும்மா இருந்ததா? ஆற்றங்கரைக்கு அடியில் நீளமான மரப்பெட்டி மதகு, இரு முனையிலும் தொங்கு கதவு. கடல் ஏற்றத்தில் ஆறு உயரும்போது ஆற்றுப் பக்கக் கதவைத் தூக்க வேண்டும். பாயும் நீர் வயல் பக்கக் கதவைத் தானே தள்ளித் திறக்கும். ஆறு வடிந்தால் வயல் நீரே அதை அழுத்தி மூடிவிடும். வடிக்க வேண்டுமா? அப்படியே தலைகீழ். கோடையில் ஆறு மெலிந்தால் கடல் உப்பு ஆற்றில் மேலேறும். அந்த நீரை உள்ளே விட்டால் பயிர் போச்சு. விடலாமா கூடாதா என்று மதகடியில் நின்று பார்த்தவர் ஓர் அடிமை. முதலாளி? நியூபோர்ட்டில்! களைவெட்டு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர், 105 அடிக்கு 105 அடி. அளந்து பாருங்கள் ஐயா, முதுகு பதில் சொல்லும்.

இன்னொரு தலை, பியர்ஸ் பட்லர். நெல் ஜார்ஜியாவின் அல்டமஹா ஆற்றுத் தீவில், தலை பிலடெல்பியாவில்! சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் தோற்றது அந்தத் தலை. கடனை அடைத்தது யார்? 1859 மார்ச் 2, 3. சவன்னா நகரின் குதிரைப் பந்தயத் திடலில் அடிமை ஏலம். குதிரைக் கொட்டில்களில் மனிதர்களை அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் மழை. கைக்குழந்தைகள் உட்பட 429 பேர். ஏலத்தொகை 3,03,850 டாலர். அழுகைக் காலம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஏலத்துக்குத் தலை நேரில் வந்தது, நடுவர் அவர்களே. விற்றவர்களிடம் விடைபெற்று, ஆளுக்கு ஒரு டாலர், புத்தம்புதுக் கால் டாலர் நாணயங்களாக எண்ணிக் கொடுத்தது. கை நீட்டி வாங்கினார்கள்.