கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவங்க: ஒரு நேயரின் நாவல் சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரெண்டு நாளா மனசுலயே சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "ஐயா, கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்ன டோர்ட்சென் வில்ட்டை நாயகியா வெச்சு வரலாற்று நாவல் எழுத ஆரம்பிச்சிருக்கேன். எதுவரைக்கும் உண்மை, எங்கிருந்து நான் கற்பனை பண்ணலாம்?"

படிச்சதும் அவ்வளவு சந்தோஷம். நம்ம வீடியோவைப் பார்த்து ஒருத்தர் நாவல் எழுதுறாங்கன்னா வேற என்ன வேணும் சொல்லுங்க!

முதல்ல உண்மைக் கணக்கு. கிரிம் சகோதரர்கள்னா யாக்கோப், வில்ஹெல்ம்; ஜெர்மனியில வாய்வழிக் கதைகளைச் சேகரிச்சுப் புத்தகமாப் போட்ட அண்ணன் தம்பி. அங்க காஸல் நகரத்துல வில்ட் குடும்பம் மருந்துக்கடை வெச்சிருந்தாங்க. கிரிம் வீட்டுக்கு அக்கம்பக்கம். அந்த வீட்டுப் பொண்ணுங்கள்ல ஒருத்தர் டோர்ட்சென். இருபது வயசுகூட ஆகாத பொண்ணு. ஹோலே அம்மா கதை தெரியும்ல, கிணத்துக்குள்ள குதிச்சு வேற உலகத்துக்குப் போயி, அங்க ஒரு பாட்டியோட இறகு மெத்தையை உதறினா இங்க பனி கொட்டும்? அது இவங்க சொன்னது. எப்படித் தெரியும்? முன்னாடியே நிறைய தடவை சொல்லியிருக்கேன், பழைய நேயர்கள் சிரிப்பீங்க, இருந்தாலும் திரும்பச் சொல்றேன்: ஓரத்தைப் பாருங்க. வில்ஹெல்ம் அந்தக் கதைப் புத்தகத்தோட தன் சொந்தப் பிரதியில, பக்கத்து ஓரத்துல, யார் சொன்னாங்க, எந்தத் தேதின்னு கையால குறிச்சு வெச்சார். ஹோலே அம்மாவுக்குப் பக்கத்துல டோர்ட்சென், 1811 அக்டோபர் 13. பாடும் எலும்பு கதைக்கு 1812 ஜனவரி 19, அடுப்பு பக்கத்துலன்னு இடம்கூட இருக்கு. ஒரு அறிஞருக்கு அடுப்பு எதுக்குங்க? ஜனவரிக் குளிர், அந்தப் பொண்ணு, அந்த அடுப்பு... அவருக்கு மறக்கல, அவ்வளவுதான்.

1825 மே மாசம் வில்ஹெல்முக்கும் டோர்ட்சென்னுக்கும் கல்யாணம். 1811-லேர்ந்து எண்ணினா நடுவுல ஏறக்குறைய பதினாலு வருஷம். உங்க நாவல் முழுக்க அதுக்குள்ள உட்கார்ந்துக்கும். நெப்போலியனோட தம்பி ஜெரோம் 1807-லேர்ந்து 1813 வரைக்கும் காஸல்ல உட்கார்ந்து ஆண்டான். அண்ணன் யாக்கோப் அந்த ராஜாவுக்கே நூலகரா வேலை பார்த்தார். பகல்ல பிரெஞ்சு ராஜாகிட்ட சம்பளம், மீதி நேரத்துல ஜெர்மன் கதை சேகரிப்பு. கல்யாணத்துக்கு அப்புறமும் யாக்கோப் தம்பி வீட்டிலேயே இருந்தார், கடைசி வரைக்கும். அது தனி நாவல்.

இப்ப நான் ஒரு தப்பை ஒத்துக்கணும். பழைய ஒரு வீடியோவுல, சிவப்புத் தொப்பிப் பொண்ணு கதையை "மருந்துக்கடை வீட்டு வேலைக்காரக் கிழவி மரீ சொன்னாங்க"ன்னு ரொம்ப உருக்கமாப் பேசிட்டேன். கண்ணுகூடக் கலங்கினேன்னு நினைக்கிறேன். அது தப்பு. சில கதைகளோட ஓரக் குறிப்புல வெறும் மரீன்னு ஒரு பேர் வருது. வில்ஹெல்ம் – டோர்ட்சென் மகன் ஹெர்மன் கிரிம், பின்னாடி அதைப் பார்த்துட்டு, "எங்க அம்மா வீட்டுல ஒரு வயசான மரீ இருந்தாங்க, அவங்கதான்"னு எழுதிட்டார். பல பத்து வருஷம் உலகமே நம்பிச்சு. 1975-ல ஹைன்ஸ் ரோலகேங்கிற ஆய்வாளர் அலசிப் பார்த்துட்டு, அந்தக் கிழவி இல்லய்யா, அது மரீ ஹாஸன்புளூக்குன்னு நிறுவினார். தூங்கும் அழகி கதையெல்லாம் அவங்க சொன்னது. வசதியான அதிகாரி வீட்டு இளம்பெண்! அம்மா வழியில ஹியூகனாட், அதாவது பிரான்ஸ்லேர்ந்து மதத்துக்காக ஓடி வந்த குடும்பம். சிவப்புத் தொப்பிப் பொண்ணு கதை இந்த மரீயோட தங்கச்சி ஜானெட் கிட்டேர்ந்து வந்தது. அந்தக் கதை 1697-லயே பிரான்ஸ்ல அச்சாயிருச்சு.

சரி, கிரிம்களுக்குக் கதை சொன்ன இன்னொருத்தர், டோரோத்தேயா ஃபீமான் அம்மாவை எடுத்துக்குங்க. 1815-ல வந்த கதைப் புத்தகத்தோட ரெண்டாம் தொகுதி முன்னுரையில அவங்களைக் குடியானவப் பெண்மணின்னு கொண்டாடுறாங்க. நிஜத்துல தையல்காரர் மனைவி. காஸலுக்கு வெளியே ஒரு சாலையோர சத்திரத்துல பிறந்து வளர்ந்தவங்க. வண்டிக்காரங்க, சிப்பாய்ங்க பேசுற பேச்சைக் கேட்டே வளர்ந்த காது அது. அப்பா வழி, மறுபடி ஹியூகனாட். காஸலுக்குக் காய்கறி விக்க வருவாங்க, கிரிம் வீட்டுல காபி, ஒரு கிளாஸ் ஒயின், கையில கொஞ்சம் காசு. நாப்பது கதை கிட்ட குடுத்தாங்க. எழுதிக்க வசதியா மெதுவா சொல்லுவாங்களாம், தப்பா வந்தா தானே திருத்துவாங்களாம். 1815 நவம்பர்ல காலமாயிட்டாங்க. 1819 பதிப்புல அவங்க படத்தைப் போட்டாங்க, வரைஞ்சது தம்பி லுட்விக் கிரிம்.

அதனாலதான் சகோதரி, எது உண்மை, எது கற்பனைன்னு நீங்க பயந்துகிட்டே கேக்குறப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இவங்களைப் பத்தின முதல் கற்பனையைக் கிரிம் வீட்டாரே எழுதிட்டாங்களே! முன்னுரையில ஒரு குடியானவப் பெண்மணி, மகன் எழுத்துல ஒரு வேலைக்காரக் கிழவி. நீங்க மூணாவது ஆள்.

நான் இன்னொரு கேள்வியை எதிர்பார்த்தேன். டோர்ட்சென்னுக்குக் கல்யாணம் ஆச்சு, ஃபீமானுக்குப் படம் கிடைச்சுது. யோஹான் ஃபிரீட்ரிஷ் கிராவுஸேக்கு? ஓய்வுபெற்ற குதிரைப்படைக்காரர். கதை சொல்லிட்டு அவர் கூலியாக் கேட்டது பழைய கால்சட்டை. ஆமா, போட்டுக் கழிச்ச கால்சட்டை! அவர் குடுத்த கதைகள்ல ஒண்ணு கிழட்டு சுல்தான். பல்லு போன நாய், எஜமான் நாளைக்கு சுட்டுரலாம்னு பேசுறதைக் கேட்டுருது. அப்புறம் ஓநாய் நண்பன் யோசனை சொல்லி, குழந்தையைக் காப்பாத்துற மாதிரி ஒரு நாடகம் போட்டு உயிர் பிழைச்சுக்கும். பட்டாளத்துல தேஞ்சுபோன மனுஷன் வாயிலேர்ந்து இந்தக் கதை வருதுங்க. கால்சட்டைக்கு!

மார்புர்க்ங்கிற ஊர் ஆஸ்பத்திரியில கதை தெரிஞ்ச ஒரு அம்மா இருந்தாங்க, 1810-ல வில்ஹெல்ம் தேடிப் போறார். வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. ஊர் சுத்திக் கதை சொல்றவன்னு பேர் வந்துரும்னு பயம். கடைசியில ஆஸ்பத்திரி மேலாளர் வீட்டுக் குழந்தைகளை வெச்சுக் கதையைக் கறந்தாங்க. புத்தகத்துல அந்த அம்மா பேர் கிடையாது, ஹெஸ்ஸன் பக்கத்துக் கதைன்னு ஊர் மட்டும்தான்.

நாயகி டோர்ட்சென்னாவே இருக்கட்டும், உங்க விருப்பம். ஆனா ஒரு அத்தியாயத்துல கிராவுஸே அந்தக் கால்சட்டையை வாங்கிட்டு நடந்து வீட்டுக்குப் போகட்டும். அதை எனக்கு அனுப்பி வைங்க, நானே இங்க வாசிக்கிறேன். அடுத்த கேள்விக்குப் போவோம்.