பார்வன் தொகுதியும் டார்லிங் ஆறும்

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு 93 தொகுதிகள். அவற்றில் பார்வன் என்ற ஒரே தொகுதி மாநிலத்தின் நிலப்பரப்பில் சுமார் 44 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 3,56,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஜெர்மனி அளவு. மேற்குக் கோடியில் இருக்கும் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லில் கடிகாரமே சிட்னிக்கு அரை மணி நேரம் பின்னால்தான் ஓடும்.

தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஆள் குறைந்த இடத்தில் எல்லை விரிந்துகொண்டே போகிறது. இது நியாயமான சட்டம்தான் என்பது என் கருத்து.

1950 முதல் இந்தத் தொகுதி கன்ட்ரி கட்சியின் கையில் இருந்தது. அதுதான் இன்றைய நேஷனல்ஸ். அப்புறம் 2018 டிசம்பரும் 2019 ஜனவரியும் வந்தன. கடும் வறட்சியில், தொகுதி வழியே ஓடும் டார்லிங் ஆறு ஓட்டம் நின்று தேங்கியது, நீரில் பாசி பச்சையாகப் படர்ந்தது. திடீரென வெயில் தணிந்ததும் பாசி மடிந்தது, அடியில் கிடந்த உயிர்வளியற்ற நீர் மேல்நீரோடு கலந்தது. மெனின்டி என்ற சிற்றூரின் அருகே லட்சக்கணக்கான மீன்கள் மூச்சுமுட்டிச் செத்து மிதந்தன. பல பத்தாண்டுகள் வாழ்ந்த முர்ரே காட் மீன்களைக் கரையோர மக்கள் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கைகளிலும் ஏந்தி நின்றார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. இந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான பார்கிஞ்சி மக்களுக்கு இந்த ஆறு தாய் போன்றது. அவர்கள் பட்ட துயரம் சொல்லி மாளாது.

2019 மார்ச் 23 அன்று தேர்தல். ஷூட்டர்ஸ், ஃபிஷர்ஸ் அண்டு ஃபார்மர்ஸ் கட்சியின் ராய் பட்லர் வென்றார். 2023 தேர்தலுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு அதே மெனின்டியில் மறுபடியும் மீன்கள் செத்தன, இம்முறை கோடிக்கணக்கில். கட்சியை விட்டு விலகியிருந்த பட்லர் சுயேச்சையாக நின்று மீண்டும் ஜெயித்தார்.

மீன்களுக்காக மட்டுமே மக்கள் ஓட்டை மாற்றிப் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர்க் கோபத்தை ஒதுக்கிவிட்டு இந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் நீரெடுத்துப் பருத்தி விளைவிக்கும் நராப்ரை வட்டாரமும் பார்வனுக்குள்தான் இருக்கிறது, கீழே காய்ந்து கிடந்த மெனின்டியும் அதற்குள்தான். வழக்காடும் இருதரப்புக்கும் ஒரே உறுப்பினர். எனவே எத்தனை நல்லவர் வென்றாலும் அவர் ஒருவரால் இதைத் தீர்க்க முடியாது. எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று விதி எழுதும் மேசையில் மெனின்டிக்காரர்களுக்கும் பார்கிஞ்சி மக்களுக்கும் அரசு நேரடியாக நாற்காலி போட வேண்டும்.