தார் ரோட்டுல மட்டும் ஓடுற பிக்கப்புக்கு லிஃப்ட் கிட் தேவையா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனா கொஞ்சம் நீளமா பேசப்போறேன். ஈரோட்டுல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. 2019 மாடல் இசுசு வி-கிராஸ் வெச்சிருக்காரு, 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, துணி யாவாரம். மாசத்துல மூணு தடவ பெங்களூரு போயிட்டு வருவாராம், மத்தபடி டவுனுக்குள்ளதான். மண்ணு ரோட்டுல எறக்குனதே இல்ல, ஃபோர் வீல் டிரைவ் நாப வாங்குன அன்னிக்கு ஒரு தடவ திருகிப் பாத்ததோட சரின்னு அவரே சொல்றாரு. பின் சீட்டுல அம்மாவையும் சம்சாரத்தையும் உக்கார வெச்சா சேலம் தாண்டறதுக்குள்ள இடுப்பு போச்சுங்கறாங்களாம். ஒரு கடையில காட்டுனதுக்கு வண்டி ஒசரத்த ரெண்டு இன்ச் கூட்டற லிஃப்ட் கிட்டு, பின்னாடி புது பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்) செட்டு, பக்கத்துல டப்பா தொங்குமே அந்த மாதிரி ஷாக்அப்சர் நாலு, எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால் லட்சம்னு சொல்லியிருக்காங்க. போடலாமாங்கறாரு.

வேண்டாங்கண்ணா. அந்தக் கிட்டு மோசம்னு நான் சொல்லல. உங்க ரோட்டுக்கு அது இல்ல, அவ்வளவுதான்.

மொதல்ல பிக்கப் ஏன் பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுதுன்னு பாப்போம். வி-கிராஸ்ல முன்னாடி டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்த மேலயும் கீழயும் புடிக்கற ரெண்டு ஆர்ம், கூட காயில் ஸ்ப்ரிங், கார் மாதிரிதான். பின்னாடி பட்டை. டொயோட்டா ஹைலக்ஸும் அப்படித்தான். நம்ம தாத்தா காலத்து வில் வண்டில மாட்டுன அதே சமாச்சாரம், இரும்பு மட்டும் ஒசந்தது. பட்டைய லோடுக்குன்னு கணக்குப் போட்டு அடிக்கறாங்க, நீங்க லோடே ஏத்தாம ஓட்டுறீங்க, அப்ப அது வளையவே மாட்டேங்குது. பட்டை வளையலைன்னா ரோட்டுல இருக்கற ஒவ்வொரு குத்தும் நேரா சேஸுக்கு வந்து, அங்கிருந்து அம்மாவோட முதுகுக்கு வந்துடும். அமெரிக்காவுல ராம் 1500ங்கற பிக்கப்புக்கு 2009 மாடல்லயே பின்னாடி காயில் ஸ்ப்ரிங் வெச்சுட்டாங்க, காரணம் இதேதான், அங்க பாதிப் பேரு பிக்கப்ப காரா ஓட்டுறாங்க. நாம அதுக்காக வண்டிய மாத்த முடியுமா, இருக்கறத வெச்சுத்தான் பாக்கணும்.

ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட் ஒண்ணு சொல்றேன், இத செஞ்சுட்டு மத்தத யோசிங்க. வீட்டுக்கு வாங்கற 26 கிலோ அரிசி சிப்பம் இருக்குல்ல, அதுல நாலு எடுத்து பின்னாடி தொட்டில ரியர் ஆக்ஸிலுக்கு நேரா மேல வெச்சு நல்லா கயித்துல கட்டிருங்க, ஓடும்போது நகரக் கூடாது. இப்ப நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஆச்சா. அதே ரோட்டுல அம்மாவ உக்கார வெச்சு ஓட்டுங்க. "இப்ப பரவால்லடா"ன்னு சொன்னாங்கன்னா உங்க வண்டில எதுவும் கெட்டுப் போகல, பட்டைக்கு வேலை இல்லாததுதான் பிரச்சன. அரிசி வெச்சும் அதே குத்து குத்துச்சுன்னா ஷாக்அப்சர், இரும்பு சேர்ற எடத்துல இருக்கற ரப்பர் புஷ், டயர், இதுல ஏதோ ஒண்ணு போயிருக்குன்னு அர்த்தம்.

இப்ப அந்தக் கடைக்காரர் சொன்ன பட்டை செட்டுக்கு வாங்க. ஓல்ட் மேன் எமு மாதிரி ஆஸ்திரேலியா கம்பெனிங்க பட்டை விக்கும்போதே பின்னாடி எப்பவும் எவ்வளவு வெயிட்டு இருக்கும்னு கேட்டுத்தான் குடுப்பாங்க, காலி வண்டிக்கு ஒண்ணு, எரநூறு முந்நூறு கிலோ நிரந்தரமா ஏத்தி வெச்சவங்களுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும். அங்க பின்னாடி தொட்டி மேல கேனபிங்கற கூண்டு, டிராயர், தண்ணி டேங்க், ஃபிரிட்ஜுன்னு ஒரு வீட்டையே கட்டி வெச்சுட்டு சுத்துவாங்க, அவங்களுக்கு அது சரி. நம்மூர்ல ஸ்டாக்ல எது இருக்கோ அதத்தான் மாட்டி விடறாங்க, பெரும்பாலும் ஹெவியாத்தான் இருக்கும், ஏன்னா வண்டி பின்னாடி ஒசரமா நின்னா கஸ்டமருக்கு சந்தோஷம். இது எனக்கு எப்படித் தெரியும்னா நானே மாட்டிட்டு முழிச்சவன். என்னோட மொத பிக்கப்புக்கு முந்நூறு கிலோ லோடுக்கான பட்டை வாங்கி மாட்டுனேன், போட்டோவுக்கு அட்டகாசமா இருந்துச்சு, ஒரு நாள் மழைல பாலத்து ஜாயிண்ட்டு மேல வளைவுல போறப்ப பின் சக்கரம் ரெண்டும் அப்படியே ஒரு அடி பக்கவாட்டுல தாவிருச்சுங்க. வேகம் அறுபதுதான் இருக்கும். காலி வண்டி, கல்லு மாதிரி பட்டை, குத்து பட்டதும் டயரு ரோட்ட விட்டுட்டு எந்திரிச்சிருச்சு, எந்திரிச்ச டயருக்கு ஏது பிடி? அடுத்த வாரமே பழைய பட்டைய தேடிப் புடிச்சு மாட்டுனேன்.

லிஃப்ட் விஷயம். ரெண்டு இன்ச்சுன்னா 50 மில்லிமீட்டர். முன்னாடி இந்தக் கிட்டுல பாதி, ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேந்தது) மேல ஸ்பேசர்னு ஒரு இரும்புத் துண்டு வெச்சுத் தூக்கறதுதான், அப்ப கீழ் ஆர்ம் எப்பவும் தொங்குன நெலமைலயே நிக்கும், சக்கரம் கீழ எறங்க எடமே இருக்காது, பள்ளத்துல எறங்குறப்ப டொக்குனு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது அதுதான். டிரைவ் ஷாஃப்ட் கோணம் ஏறிப்போகும், கேம்பர் காஸ்டர்னு சொல்ற சக்கரத்தோட சாய்வுக் கோணமெல்லாம் மாறும், அலைன்மென்ட் பண்ணாம விட்டா டயரு ஒரு பக்கமாத் தேயும், ஹெட்லைட்டு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். இதெல்லாம் காட்டுக்குள்ள பாறை மேல ஏறறவன் தெரிஞ்சே குடுக்கற வெல. நீங்க பெங்களூரு போற வழில தொப்பூர் கணவாய் இருக்கு, சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவுல, எத்தன லாரி அங்க கவுந்து கெடந்திருக்குன்னு நீங்களே பாத்திருப்பீங்க. அந்த எறக்கத்துல வளைவுல பக்கத்து லாரிய ஒதுக்கும்போது வண்டியோட வெயிட்டு ரெண்டு இன்ச் மேல இருக்கணுமா கீழ இருக்கணுமா?

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. கிளெய்ம்னு வர்றப்ப இன்சூரன்ஸ்காரன் இதத்தான் மொதல்ல தோண்டுவான். அத இதோட விட்டுடறேன்.

டப்பா வெச்ச ஷாக்அப்சர் பாக்க அழகு, நான் மறுக்கல. அந்த டப்பா எதுக்குன்னா சூட்டுக்கு. ஷாக்அப்சர் செய்யற வேலையே ஆட்டத்த சூடா மாத்தறதுதான், பாலைவன ரோட்டுல அலை அலையா இருக்கற மண்ணுல மணிக்கணக்குல அடிச்சு ஓட்டுனா உள்ள ஆயில் கொதிக்கற அளவுக்குப் போயி நுரைச்சிரும், நுரைச்சா பிடிக்காது. அதுக்குக் கூடுதலா ஆயிலும், தள்ளி வெச்ச கேஸும் வேணும்னு அந்த டப்பா. கிருஷ்ணகிரி ஹைவேல உங்க ஷாக்அப்சர் அந்தச் சூட்ட கனவுலயும் பாக்காது. அதோட, அந்த மாதிரி ஷாக்குல பலதும் முன்னாடி ஸ்டீல் பம்பரு, வின்ச்சு எல்லாம் மாட்டுன வண்டிக்குன்னு டைட்டா வால்வ் செட் பண்ணி வரும்.

இங்கதான் ஒண்ணு புரிஞ்சுக்கணும், கொஞ்சம் கவனமா கேளுங்க. ஷாக்அப்சர்ல லோ ஸ்பீடு ஹை ஸ்பீடுன்னு சொல்றது வண்டியோட வேகம் இல்ல, உள்ள இருக்கற பிஸ்டன் மேல கீழ போற வேகம். லேன் மாத்துறது, வளைவுல சாயறது, பிரேக் அடிச்சா மூஞ்சி முங்கறது, மேம்பாலம் ஏறி எறங்குனதும் வண்டி கப்பல் மாதிரி ஆடறது, இதெல்லாம் பிஸ்டன் மெதுவா நகர்ற வேலை. டோல்கேட்டுக்கு முன்னாடி வரி வரியா வெள்ளைப் பட்டை போட்டிருப்பான்ல டடடடன்னு, பாலத்து ஜாயிண்ட்டு, குழியோட விளிம்பு, இதெல்லாம் வண்டி முப்பதுல போனாலும் பிஸ்டனுக்கு ஹை ஸ்பீடு. தார் ரோட்டுல ஓட்டுறவருக்கு மொதல்ல சொன்னதுல நல்லா பிடிக்கணும், ரெண்டாவதுல விட்டுக் குடுக்கணும். எல்லாத்துலயும் டைட்டா இருக்கற ஷாக் போட்டீங்கன்னா டடடடங்கறது அப்படியே பல்லுக்கு வரும்.

அதனால நான் உங்க வண்டிய எப்படிச் செய்வேன்னா, மொதல்ல காத்து. சிரிக்காதீங்க. போன மாசம் ஒரு வி-கிராஸ் இதே கம்ப்ளெயிண்ட்டோட பட்டறைக்கு வந்துச்சு, காலைல சூடாகறதுக்கு முன்னாடி கேஜ் வெச்சுப் பாத்தா நாலு டயர்லயும் காத்து 42 பிஎஸ்ஐ. பஞ்சர் கடைல "பெரிய வண்டிதானேண்ணா"ன்னு அடிச்சு விட்டிருக்கான். டிரைவர் டோர தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கறதுதான் கணக்கு, பஞ்சர் கடைத் தம்பி சொல்றது இல்ல. அந்த வண்டிக்கு ஸ்டிக்கர் அளவுக்கு எறக்கிட்டு டயரு குறுக்கால சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன், ஒரு கிலோமீட்டர் நேரா ஓட்டிட்டு வந்து பாத்தோம், கோடு மூலைக்கு மூலை ஒரே மாதிரி அழிஞ்சிருந்துச்சு. 42ல போட்டப்ப நடுவுல மட்டும் அழிஞ்சு ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையாவே நின்னுச்சு. அவரு அன்னிக்கு எனக்கு டீ மட்டும் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. டயரு மாத்துற நேரம் வந்தா ஹைவேக்குன்னு வர்ற HT டயரே வாங்குங்க, லோடுக்குன்னு வர்ற பத்து பிளை AT டயரு (மண்ணு ரோட்டுக்கும் சேத்து வர்றது) பக்கச் சுவரு கெட்டி, வெயிட்டும் சாஸ்தி. அந்த வெயிட்டு ஸ்ப்ரிங்குக்குக் கீழ தொங்கற வெயிட்டு, குதிக்கறதக் கூட்டும்.

அடுத்தது உங்க ஷாக்அப்சர். 78,000 ஓடுனது, ஒரிஜினலாவே இருந்தா காலம் முடிஞ்சிருக்க வாய்ப்பு நெறைய. மட்கார்டு மேல உக்காந்து அமுக்கிப் பாக்கறதெல்லாம் பிக்கப்புல சரியா காட்டாது, பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒரசறதே ஆட்டத்த நிறுத்திரும், ஷாக் செத்திருந்தாலும் நல்லா இருக்கற மாதிரி நடிக்கும். கீழ படுத்துப் பாருங்க, ஷாக் உடம்புல ஆயில் வழிஞ்சு அது மேல புழுதி ஒட்டி கருப்பா கம்பளி மாதிரி இருந்தா முடிஞ்சுது. இல்லைன்னா யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு நீங்க ரோட்டோரம் நின்னு ஸ்பீடு பிரேக்கர் தாண்டறப்ப பாருங்க, ஒரு தடவ எந்திரிச்சு ஒரு தடவ அடங்கணும், மூணாவது தடவ ஆடுனா மாத்தணும். அதுக்கும் ஒழுங்கான ஸ்பீடு பிரேக்கராப் பாருங்க. ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) கணக்குப்படி 10 சென்டிமீட்டர் ஒசரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும், நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா சிமெண்ட்ட கொட்டி வெச்சிருக்கறது ஸ்பீடு பிரேக்கர் கணக்குலயே வராது, அது வரப்பு.

மாத்தறப்ப நாலும் சேத்து மாத்துங்க, ஸ்டாக் ஒசரத்துக்கு, காலி வண்டிக்குன்னு கேட்டு வாங்குங்க. ட்வின் டியூப், அதாவது குழாய்க்குள்ள குழாய் இருக்கற கேஸ் ஷாக், நல்ல கம்பெனில வாங்குனாலே குடும்பத்துக்குப் போதும், மெத்துனு இருக்கும். மோனோ டியூப், அதாவது ஒரே குழாய் இருக்கற பில்ஸ்டெயின் கம்பெனி ஷாக் மாதிரி, வளைவுல கெட்டியா நிக்கும், ஆனா சின்னக் குத்துகள கொஞ்சம் சொல்லும். தனியா வேகமா ஓட்டுற ஆளா இருந்தா அதச் சொல்லுவேன், பின்னாடி அம்மா உக்காருறாங்கன்னா ட்வின் டியூப். ரெண்டுல எதப் போட்டாலும் அந்த ஒண்ணே முக்கால் லட்சத்துக்குப் பக்கத்துலயே போகாது.

பட்டைய மாத்த வேண்டாம், சுத்தம் பண்ணுங்க. நுனில பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் லைனர் இருக்கும், அது தேஞ்சு இரும்போட இரும்பு ஒரசுனா கிறீச்சுனு கத்தும், சின்னக் குத்துக்கு வளையவும் வளையாது. கழட்டி துருவ எடுத்து லைனர் புதுசு போட்டா வித்தியாசம் உடனே தெரியும். சில பேரு பழைய எஞ்சின் ஆயில அடிச்சு விடுவாங்க, லாரிப் பழக்கம், அது ரப்பர் புஷ்ஷ ஊற வெச்சு கெடுத்துரும், புழுதியும் ஒட்டும். பட்டை நுனிய சேஸோட சேக்கற ஷேக்கிள்ல இருக்கற புஷ்ஷயும் அப்பவே பாத்துருங்க, ரப்பர்லயே மாட்டுங்க, பாலியூரித்தேன் வேண்டாம், அது சத்தத்தையும் அதிர்வையும் உள்ள கொண்டு வரும்.

எல்லாம் பண்ணியும் தொப்பூர்ல சாயறது பயமா இருக்குன்னா, பின்னாடி ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு பக்கத்துச் சக்கரத்தையும் இணைக்கற கம்பி) இருக்கான்னு பாத்துட்டு அதப் பத்தி யோசிக்கலாம், நேரா போறப்ப மெதுமெதுப்பக் கெடுக்காம சாயறத மட்டும் கொறைக்கற ஒரே சாமான் அதுதான். ஒரே சைடு சக்கரம் குழில விழுந்தா மட்டும் கொஞ்சம் தூக்கிப் போடும்.

லைனருக்காக பட்டைய கழட்டுனா பட்டைய ஆக்ஸிலோட சேத்துப் புடிக்கற யு-போல்ட்ட பழசே மாட்ட விடாதீங்க, இழுபட்டிருக்கும், புதுசு போட்டு டார்க் ரென்ச்சுல டைட் பண்ணச் சொல்லுங்க, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுனதும் திரும்ப ஒரு தடவ டைட் பாத்துருங்க. அரிசி டெஸ்ட் பண்ணிட்டு அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்கண்ணா.